தம் சுகம் கடைசியில்: பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியின் பணியும் மரபும்

(முதலமடையில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலமடை என்றதும் வெளியூர்க்காரருக்கு மாம்பழம் நினைவுக்கு வரும். நாட்டின் பிற பகுதிகளில் மாமரங்கள் பூத்து நிற்கும் காலத்திலேயே இங்கிருந்து மாங்காய்ப் பெட்டிகள் வட இந்தியச் சந்தைகளுக்குப் புறப்பட்டுவிடுகின்றன. எனக்கோ இந்த ஊரைப் பற்றி வேறொரு செய்தியும் நினைவுக்கு வருவதுண்டு. இவ்வூராட்சியைச் சேர்ந்த பரம்பிக்குளத்துக்குச் சாலை வழியே செல்ல வேண்டுமானால், மாநில எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டின் சேத்துமடை வழியாகவே செல்ல வேண்டும். தம் ஊராட்சிக்குள்ளேயே ஓரிடத்துக்குப் போக இன்னொரு மாநிலத்தைக் கடக்கும் மக்கள் நீங்கள். வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசி, இரண்டிலும் கணக்குத் தீர்க்கத் தெரிந்தவர்கள்.

இத்தகைய எல்லையூரில் இராணுவ அதிகாரிகளை உருவாக்கும் கல்விக்கூடத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணலாம். காரணம் உண்டு. இப்பகுதி இளைஞர்களுடன் உரையாடும்போதெல்லாம் நான் கவனித்த ஒன்று: ஆட்சேர்ப்பு முகாம் எங்கே நடக்கிறது, எத்தனை நிமிடத்தில் எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு நன்கு தெரிந்திருக்கிறது. 2022ஆம் ஆண்டில் வந்த அக்னிவீர் திட்டத்தின் விதிகளும் தெரிந்திருக்கின்றன. ஆனால் பட்டம் பெற்ற ஒருவர் அதே இராணுவத்தில் அதிகாரியாகச் சேர வழியுண்டு என்பதையும், அதற்கான அகாடமி சென்னைப் பரங்கிமலையில் இருக்கிறது என்பதையும் அறிந்தோர் மிகச் சிலரே. படையில் சேர்வது என்றால் அணியில் நிற்பது மட்டுமே என்று ஒரு பகுதியே நம்பிவிடுமானால், அந்தப் பகுதியின் திறமையில் ஒரு பங்கு பயன்படாமலே போகிறது. பொருளாதாரம் பயின்றவன் என்ற முறையில் இதை ஓர் இழப்பாகவே கருதுகிறேன்.

நெருக்கடியில் பிறந்த நிறுவனம்

முதலில் சிறிது வரலாறு. ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியர் அதிகாரியாக வேண்டுமானால் இங்கிலாந்தில் உள்ள சாண்ட்ஹர்ஸ்ட் கல்லூரிக்குச் செல்ல வேண்டியிருந்தது. முதல் உலகப் போருக்குப் பின் இந்தியருக்கு அங்கே ஒதுக்கப்பட்ட இடங்கள் ஆண்டுக்குப் பத்தே. இந்திய மண்ணிலேயே ஒரு கல்விக்கூடம் வேண்டும் என்ற கோரிக்கை வலுத்து, 1932 அக்டோபர் 1ஆம் நாள் டேராடூனில் இந்திய இராணுவ அகாடமி 40 மாணவர்களுடன் தொடங்கிற்று. அந்த முதல் அணியிலிருந்தே பின்னாளில் சாம் மானெக்ஷா இந்தியாவுக்கும், முகமது மூசா பாகிஸ்தானுக்கும், ஸ்மித் டன் பர்மாவுக்கும் தரைப்படைத் தலைவர்களாயினர்.

விடுதலைக்குப் பின் முப்படைகளுக்கும் பொதுவான தேசியப் பாதுகாப்பு அகாடமி உருவாகி, 1955இல் புனேயை அடுத்த கடக்வாஸ்லாவில் நிலைபெற்றது. இரண்டாம் உலகப் போரில் இந்திய வீரர்கள் ஆற்றிய பணிக்கு நன்றியாக சூடான் நாடு அளித்த ஒரு லட்சம் பவுன் நன்கொடையின் நினைவாக, அதன் தலைமைக் கட்டடம் இன்றும் 'சூடான் பிளாக்' எனப்படுகிறது. கேரளத்திலேயே கண்ணூர் மாவட்டம் ஏழிமலையில் இந்தியக் கடற்படை அகாடமி 2009 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்டது.

பரங்கிமலையின் கதை இவற்றினின்று சற்று வேறுபட்டது. 1962ஆம் ஆண்டுச் சீனப் போர் நம் இராணுவத்தில் அதிகாரிகள் எவ்வளவு குறைவு என்பதை வெளிச்சமிட்டுக் காட்டிற்று. பள்ளி முடித்த சிறுவனை எடுத்து நான்கு ஆண்டு பயிற்றுவிக்கும் முறையால் அந்த அவசரத் தேவையை நிறைவு செய்ய இயலாது. எனவே பட்டம் பெற்ற இளைஞர்களைக் குறுகிய காலத்தில் அதிகாரிகளாக்கும் நோக்குடன் 1963இல் சென்னையிலும் புனேயிலும் அதிகாரிகள் பயிற்சிப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. புனேப் பள்ளி பின்னர் மூடப்பட்டது. சென்னைப் பள்ளி நிலைத்தது. நெருக்கடிகால நியமனம் முடிந்தபின் குறுகிய காலப் பணி என்னும் திட்டத்துக்கு அதுவே பயிற்சிக் களமாயிற்று. வெள்ளி விழாவையொட்டி 1988இல் அது 'அதிகாரிகள் பயிற்சி அகாடமி' எனப் பெயர் பெற்றது. 2011இல் பீகாரின் கயாவில் இதே வகையில் மற்றோர் அகாடமியும் நிறுவப்பட்டது.

இதில் ஒரு பொருளாதாரப் பாடம் இருக்கிறது. நீண்ட கால முதலீட்டால் வரும் வளர்ச்சி ஒன்று. உடனடித் தேவைக்கேற்ப அளிப்பைப் பெருக்குவது வேறொன்று. இரண்டும் ஒரு நாட்டுக்குத் தேவை. பரங்கிமலை இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஆனால் குறுகிய காலத்தில் செய்வதாலேயே அதன் பணி கடினமாகிறது.

மரபு எதற்காக?

இன்று அங்கே பயிற்சிக் காலம் 49 வாரங்கள். நேற்றுவரை வணிகவியலோ வேதியியலோ படித்துக்கொண்டிருந்த ஒருவர் ஓராண்டு முடிவதற்குள் லெப்டினன்ட் ஆகிறார். அதன்பின் தம்மைவிட வயதிலும் அனுபவத்திலும் மூத்த சுபேதாரும் ஹவில்தாரும் அடங்கிய முப்பதுக்கும் மேற்பட்ட வீரர்களை நடத்திச் செல்கிறார். ஆயுதம், வரைபடம், போர்த் தந்திரம், இராணுவச் சட்டம் ஆகியவற்றைப் பாடமாகக் கற்பித்துவிடலாம். மற்றொருவரை ஆபத்துக்குள் அனுப்பும் தகுதியை எந்தப் பாடநூலால் தர இயலும்?

இங்கேதான் மரபு வருகிறது. 1932 டிசம்பரில் டேராடூன் அகாடமியை முறைப்படி திறந்துவைத்த அன்றைய தலைமைத் தளபதி பிலிப் செட்வுட் சொன்ன கருத்து, இன்றும் நம் அதிகாரிகள் பயிலும் இடங்களில் வழிகாட்டியாக விளங்குகிறது. நாட்டின் பாதுகாப்பும் மானமும் நலனும் எப்போதும் முதலிடம் பெற வேண்டும். தம் கீழுள்ள வீரர்களின் நலம் அடுத்த இடம் பெற வேண்டும். அதிகாரியின் சொந்த சுகமும் பாதுகாப்பும் எப்போதும் கடைசி இடமே பெற வேண்டும் என்பது அதன் சாரம். ஓர் ஆங்கிலத் தளபதி சொன்னதாயிற்றே என்று சுதந்திர இந்தியா அதைத் தள்ளிவிடவில்லை. பொருள் நன்றாயிருந்ததால் தனதாக்கிக்கொண்டது.

எந்த ஊதிய ஒப்பந்தத்திலும் எழுத முடியாத கடமைகள் உண்டு. இத்தனை ரூபாய்க்கு இத்தனை மணி நேரம் என்று வேலையை அளக்கலாம். இத்தனை ரூபாய்க்கு உயிரைக் கொடு என்று எழுத முடியாது. ஒப்பந்தம் நிற்கும் இடத்தில் நம்பிக்கை தொடங்க வேண்டியிருக்கிறது. 'இந்த ஆள் நம்மைக் கைவிட்டுத் தன்னைக் காத்துக்கொள்ள மாட்டார்' என்று வீரர்கள் நம்பினாலன்றி ஒரு பிரிவு இருளில் முன்னேறாது. அந்த நம்பிக்கையைத் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வைத்திருக்கும் மூலதனமே மரபு. அதைக் காண முடியாது. ஆனால் அது இல்லாத படையை உடனே அடையாளம் காணலாம்.

வெளியிலிருந்து பார்ப்போருக்கு வெறும் ஆடம்பரமாகத் தோன்றும் பல பழக்கங்கள் இந்த மூலதனத்தைக் காப்பவையே. பயிற்சிக் கம்பெனிகளுக்குக் கொஹிமா, ஜோஜிலா, பில்லோரா என்று போர்க்களங்களின் பெயர்களை இட்டிருக்கிறார்கள். காலையில் ஓடும்போதும் மாலையில் விளையாடும்போதும் இளைஞர் அந்தப் பெயரைத் தாங்கியே நிற்கிறார். பயிற்சி நிறைவு அணிவகுப்பின் முடிவில் 'அந்திம் பக்' எனப்படும் இறுதி அடியை எடுத்துவைத்து அகாடமியை விட்டு வெளியேறுகிறார். அரசியல் சாசனத்தின் பெயரால் உறுதிமொழி ஏற்கிறார். பெற்றோர் தம் கையாலேயே பிள்ளையின் தோளில் நட்சத்திரத்தை அணிவிக்கின்றனர். வயலில் நின்ற கை அந்த நட்சத்திரத்தைக் குத்தும்போது, தம் பிள்ளையை நாட்டுக்குக் கொடுத்தோம் என்பதை அந்தக் குடும்பமும் ஒப்புக்கொள்கிறது.

அந்த அணிவகுப்பு நடைபெறும் திடலுக்குப் பரமேஸ்வரன் திடல் என்று பெயர். தமிழ்க் குடும்பத்தில் பம்பாயில் பிறந்து, பரங்கிமலையில் பயின்று, 1972இல் மஹார் படைப்பிரிவில் அதிகாரியானவர் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். 1987 நவம்பர் 25ஆம் நாள் இலங்கையில் இந்திய அமைதி காக்கும் படையில் பணியாற்றுகையில், பதுங்கித் தாக்கியவர்களை எதிர்கொண்டு படுகாயமுற்ற நிலையிலும் இறுதிவரை தம் வீரர்களுக்கு ஆணையிட்டுக்கொண்டே உயிர் நீத்தார். அவருக்குப் பரம்வீர் சக்ரம் வழங்கப்பட்டது. தாம்பரத்தில் வளர்ந்து இதே அகாடமியில் 2006இல் பயிற்சி முடித்த மேஜர் முகுந்த் வரதராஜன், 2014 ஏப்ரல் 25இல் காஷ்மீரில் வீரமரணம் எய்தி அசோக சக்ரம் பெற்றார். இளைஞர்கள் ஒவ்வொரு நாளும் காலணி பதிக்கும் மண்ணுக்கே தம்மைப்போல் அங்கு பயின்ற ஒருவரின் பெயரைச் சூட்டியிருப்பதில் சொல்லாமல் சொல்லும் பாடம் இருக்கிறது.

சூரல்மலையில் கண்ட பயன்

'போர் வந்தால்தானே இவர்கள் பணி?' என்று கேட்போர் உண்டு. வளர்ச்சிப் பணியில் ஈடுபட்ட அலுவலர்களுக்கு விடை தெரிந்திருக்கும். 2022 பிப்ரவரியில் உங்கள் மாவட்டத்தில், மலம்புழை அருகே செங்குத்தான பாறை இடுக்கில் இரண்டு நாள் சிக்கித் தவித்த இளைஞரை மீட்டு மேலே கொண்டுவந்தது இராணுவக் குழு என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

அதனினும் பெரிய சோதனை 2024 ஜூலை 30இல் வயநாட்டுக்கு வந்தது. நிலச்சரிவில் சூரல்மலைப் பாலம் அடித்துச் செல்லப்பட்டு, அப்பால் உள்ள முண்டக்கை துண்டிக்கப்பட்டது. மண்ணள்ளும் எந்திரமோ ஆம்புலன்சோ அக்கரைக்குப் போக வழியில்லை. மெட்ராஸ் பொறியாளர் பிரிவினர் இரவும் பகலும் உழைத்து 190 அடி நீளமும் 24 டன் பாரம் தாங்கும் வலிமையும் உள்ள பெய்லி பாலத்தை ஆகஸ்ட் 1 மாலைக்குள் அமைத்து முடித்தனர். அந்தப் பணியை முன்னின்று நடத்திய அதிகாரிகளுள் ஒருவர் மேஜர் சீதா ஷெல்கே. மகாராஷ்டிரத்தின் சிற்றூரில் பிறந்து, பொறியியல் பட்டம் பெற்று, பரங்கிமலையில் பயின்றவர்.

இதை ஏன் இவ்வளவு விரித்துரைக்கிறேன்? பெய்லி பாலத்தின் பாகங்கள் இரும்புச் சட்டங்கள். அவற்றை எந்த நாடும் வாங்கலாம். மழையும் சேறும் இருளும் சூழ்ந்த இடத்தில், தூக்கமின்றி நிற்கும் வீரர்கள் ஒருவர் சொல்லைக் கேட்டு அச்சட்டங்களைத் தோளில் சுமந்தார்களே, அந்தச் சொல்லுக்குக் கிடைத்த மதிப்பு சந்தையில் விற்பதன்று. அது பயிற்சியிலும் மரபிலும் விளைவது.

மகளிருக்குத் திறந்த கதவு

இராணுவத்தின் மருத்துவத் துறையைத் தாண்டி மற்றத் துறைகளிலும் பெண்கள் அதிகாரிகளாகும் வழி 1992இல் பரங்கிமலையிலேயே திறந்தது. அந்த முதல் அணியில் 25 பெண்கள் 1993 மார்ச் 6ஆம் நாள் அதிகாரிகளாயினர். அவர்கள் வந்தபோது மரபு குலைந்துவிடும் என்று அஞ்சியவர்கள் இருந்தனர். மரபு குலையவில்லை, விரிந்தது. 2020 பிப்ரவரி 17இல் உச்ச நீதிமன்றம் பெண் அதிகாரிகளுக்கும் நிரந்தரப் பணி வாய்ப்பு அளிக்கப்பட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2022இல் தேசியப் பாதுகாப்பு அகாடமியிலும் பெண்கள் சேர்ந்தனர். அவர்களில் 17 பேர் 2025 மே மாதம் முதல் அணியாகப் பயிற்சி முடித்தனர். மாணவியரே, இதை உங்களுக்காகவே குறிப்பிட்டேன்.

மறைக்கக் கூடாதவை

ஒரு வாய்ப்பைப் பற்றிப் பேசும்போது அதன் விலையையும் சொல்வதே நேர்மை. குறுகிய காலப் பணி என்பது முதலில் பத்தாண்டு. விரும்பினால் மேலும் நான்காண்டு வரை நீட்டிப்பு. நிரந்தரப் பணி எல்லோருக்கும் கிடைப்பதில்லை. கிடைக்காதவர் முப்பதுகளின் நடுவில் ஓய்வூதியமின்றி வெளியே வந்து, புதிதாக ஒரு வாழ்க்கையைத் தொடங்க வேண்டும். அவர்களுடைய தலைமைப் பண்பைப் பயன்படுத்திக்கொள்ளும் நிறுவனங்கள் உண்டு என்பது மெய்யே. ஆனால் அது உறுதிமொழி அன்று.

பயிற்சியில் காயமுற்று இடையிலேயே விலக நேர்ந்தவர்களின் நிலை இன்னும் வருந்தத்தக்கது. அவர்கள் அதிகாரியும் அல்லர், முன்னாள் படைவீரரும் அல்லர் என்ற இடைவெளியில் பல ஆண்டுகள் விடப்பட்டிருந்தனர். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து இதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. 'தம் சுகம் கடைசியில்' என்று இளைஞருக்குக் கற்பிக்கும் நாடு, அவர் விழும்போது அவரைக் கடைசியில் நிறுத்திவிடலாகாது. மரபு இருவழிப் பாதை. அதிகாரி நாட்டுக்குக் கடன்பட்டது போலவே நாடும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறது.

கதவு எங்கே இருக்கிறது?

வழி கடினமானது, ஆயினும் மறைவானதன்று. மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஆண்டுக்கு இருமுறை ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வை நடத்துகிறது. பரங்கிமலைக்கு விண்ணப்பிப்போர் அதில் ஆங்கிலம், பொது அறிவு ஆகிய இரண்டு தாள்களை எழுதினால் போதும். கணக்குத் தாள் இல்லை. எந்தப் பாடத்தில் பெற்ற பட்டமாயினும் தகும். என்.சி.சி.யில் 'சி' சான்றிதழ் பெற்ற பட்டதாரிகளுக்கு எழுத்துத் தேர்வே இல்லாத தனி வழியும் உண்டு. அதன்பின் ஐந்து நாள் நேர்முகத் தேர்வு. படத்தைப் பார்த்துக் கதை எழுதச் சொல்வார்கள். கயிறும் பலகையும் கொடுத்துக் குழுவாகத் தடை தாண்டச் சொல்வார்கள். மனப்பாடம் செய்தவரை அந்தத் தேர்வு தேடுவதில்லை. நெருக்கடியில் பிறரையும் சேர்த்து நினைப்பவரையே தேடுகிறது. தேர்வானவருக்குப் பயிற்சிக் காலத்தில் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை வழங்கப்படுகிறது. எனவே வறுமை இங்கே தடையன்று.

பின் எது தடை? என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பட்டம் பெற்ற ஆண்டில் இந்த எழுத்துத் தேர்வில் தேறினேன். பெங்களூரில் நேர்முகத் தேர்வுக்கு வரும்படி கடிதம் வந்தது. அப்போது இந்தப் பக்கம் மீட்டர் பாதை ரயில் ஓடிற்று. பெட்டியுடன் நிலையம் வரை போனேன். தமிழிலேயே படித்த நான் ஐந்து நாள் ஆங்கிலத்தில் பேச வேண்டுமே என்ற அச்சம் பிடித்துக்கொண்டது. வண்டி வந்தது, நின்றது, போய்விட்டது. நான் வீட்டுக்குத் திரும்பினேன். பிறகு பொருளாதாரம் பயின்று அரசுப் பணிக்கு வந்தேன். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் நான் தேர்வில் தோற்கவில்லை, தேர்வுக்கே போகவில்லை என்பது முப்பது ஆண்டுக்குப் பின்னும் உறுத்துகிறது. போகும்படி சொல்ல அன்று என் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

அலுவலர்களே, ஆசிரியர்களே, அந்த ஒருவராக இருப்பதே நம் கடமை. வினாத்தாளும் தேர்வும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ நடப்பது தமிழ்வழி மாணவருக்குக் கூடுதல் சுமை என்பதில் ஐயமில்லை. அந்தச் சுமையை வாரம் இரண்டு மணி நேர ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியால் ஒரு கல்லூரி குறைக்க முடியும். தேர்வு அறிவிப்பு வரும் நாளில் அதை நூலகப் பலகையில் ஒட்டுவதற்குச் செலவு ஏதும் இல்லை. ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவரை ஆண்டுக்கொரு முறை வகுப்பறைக்கு அழைப்பதற்கு அரசாணை வேண்டியதில்லை. பள்ளிப் பருவத்திலேயே தொடங்க விரும்புவோருக்கு 1962இல் நிறுவப்பட்ட இரண்டு சைனிக் பள்ளிகள் உள்ளன. ஒன்று உடுமலை அருகே அமராவதி நகரில். மற்றொன்று திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில். எல்லையில் வாழும் உங்களுக்கு இரு பக்கமும் கதவு இருக்கிறது.

மாணவர்களே, உங்களிடம் குறையாக நீங்கள் நினைக்கும் ஒன்று உண்மையில் செல்வம். தம் வீரர்களின் மொழியை அதிகாரி கற்றுக்கொள்ள வேண்டும் என்பது நம் இராணுவத்தின் பழைய மரபு. மெட்ராஸ் ரெஜிமெண்டின் 'வீர மதராஸி, அடி கொல்லு' என்னும் போர் முழக்கம் தமிழருக்கும் மலையாளிக்கும் மொழிபெயர்ப்பின்றியே விளங்கும். பிற மாநிலத்து இளைஞர் அந்தப் படையில் சேர்ந்து முதலிலிருந்து கற்க வேண்டியதை நீங்கள் கவுண்டத்தெருவிலும் சந்தையிலும் விளையாட்டாகக் கற்றிருக்கிறீர்கள்.

உங்களில் எல்லோரும் இராணுவத்துக்குப் போக வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. வட்டாட்சியராகவோ, வேளாண் அலுவலராகவோ, ஆசிரியராகவோ நீங்கள் ஆகலாம். எங்கு சென்றாலும் பரங்கிமலையின் மரபு பொருந்தும். வெள்ளம் வரும் இரவில் கோப்பை மூடிவிட்டு வீட்டுக்குப் போகும் அலுவலருக்கும், கடைசிக் குடும்பம் மேடேறும்வரை நிற்கும் அலுவலருக்கும் ஊதியம் ஒன்றே. வேறுபாடு, தம் சுகத்தை வரிசையில் எங்கே நிறுத்துகிறார் என்பதில்தான் இருக்கிறது.

எனவே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அழைப்புக் கடிதம் வந்தால் வண்டி ஏறுங்கள். தேறுவதும் தேறாததும் பின்பு. ஏறாமல் திரும்பியவன் ஒருவன் உங்கள் முன் நின்று இதைச் சொல்கிறான் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.